பாலம் இருக்கிறது, டாங்கி போகுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஒரு ராணுவ நடவடிக்கைக்குத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் எதிரியின் படையைத் தேடுவதற்கு முன்னால் மின்நிலையம், பாலம், துறைமுகம், தொலைத்தொடர்பு இவற்றுக்கு என்ன ஆபத்து என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை, பலர் கேட்டவற்றைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கே: ராணுவத்திடம் ஜெனரேட்டர், லாரி, ரேடியோ, ஆஸ்பத்திரி எல்லாமே சொந்தமாக இருக்கிறது. அப்புறம் எதற்காக ஊர் மின்கம்பத்தைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டும்? – ஒரு கல்லூரி மாணவி

ப: களத்தில் இறங்கிவிட்ட படைப்பிரிவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் படைப்பிரிவு முகாமிலிருந்து கிளம்பி, ரயிலேறி, துறைமுகம் போய், கப்பலேறி, இன்னொரு துறைமுகத்தில் இறங்கிக் களத்துக்குப் போய்ச் சேரும்வரை அது கால் வைக்கிற இடமெல்லாம் கிட்டத்தட்ட அடுத்தவர் சொத்து. தண்டவாளம் ரயில்வேயுடையது, கிரேன் துறைமுக நிறுவனத்துடையது, முகாமுக்குள் எரிகிற விளக்குக்கே மின்சாரம் வெளியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு அறிவியல் வாரியம் 2008-இல் கொடுத்த அறிக்கையில் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள்: ராணுவ முகாம்கள் ஏறக்குறைய முழுவதும் பொது மின்கட்டமைப்பை நம்பியிருக்கின்றன, அந்தக் கட்டமைப்போ எளிதில் பாதிக்கப்படக்கூடியது. உலகத்திலேயே அதிகம் செலவு செய்கிற ராணுவத்தின் நிலையே இது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2024 மார்ச் 26 அதிகாலை, டாலி என்ற சரக்குக் கப்பல் பால்டிமோர் துறைமுகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது கப்பலில் மின்சாரம் போய், கட்டுப்பாடு இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் நொடிகளில் சரிந்தது, மேலே சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் இறந்தார்கள். விழுந்த இரும்பு துறைமுகத்தின் வாயை அடைத்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கப்பல்களில், அவசர காலத்தில் ராணுவத் தளவாடம் ஏற்றிப் போவதற்கென்றே அரசு தயார்நிலையில் வைத்திருந்த கப்பல்கள் சிலவும் இருந்தன. கால்வாயை முழு அகலத்துக்கும் திறக்க ஜூன் 10 ஆனது. இத்தனைக்கும் மூல காரணம் என்ன என்று விசாரணையில் தெரிய வந்தது: ஒரு மின்கம்பியின் நுனியில் சுற்றியிருந்த பெயர்ப்பட்டை தடுத்ததால் கம்பி இணைப்பில் சரியாக உட்காரவில்லை, கழன்றுகொண்டது. எதிரி என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் அந்தக் கப்பல்களை நம்பி ஒரு நடவடிக்கை திட்டமிடப்பட்டிருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

அதனால்தான் திட்டமிடுகிறவர்கள் பணியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பணி நடக்க என்னென்ன வேண்டும், அதில் எதெல்லாம் நம் கையில் இல்லை, அது எத்தனை மணி நேரம் இல்லாவிட்டால் பணி கெடும். இந்த மூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் எதிரி என்ன செய்வான் என்ற கேள்வி வருகிறது.

கே: பெரிய மின்நிலையம், பெரிய அணை, பெரிய விமான நிலையம் என்று அளவு வாரியாகப் பட்டியல் போட்டால் முடிந்தது அல்லவா? இதற்கு ஏன் தனியாக ஆய்வு?

ப: அப்படிப் பட்டியல் போட்டுத்தான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பால்பேரிங் உற்பத்தியில் பெரும்பங்கு ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஒரே ஊரில் குவிந்திருந்தது. விமானம், டாங்கி, பீரங்கி, சுழல்கிற எல்லாவற்றுக்கும் பேரிங் வேண்டும், ஆகவே அந்த ஊரை அடித்தால் மொத்த போர் இயந்திரமும் நின்றுவிடும் என்று அமெரிக்க விமானப்படை கணக்குப் போட்டது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கணக்கு. 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் போனார்கள். அக்டோபர் 14 தாக்குதலில் மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்கள் திரும்பவில்லை. போர் முடிந்தபின் அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு ஆய்வுக்குழு எல்லாக் கணக்குகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அத்தியாவசியப் போர் உற்பத்தியில் அளவிடக்கூடிய பாதிப்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியது. ஏன்? தொழிற்சாலைகளின் கையிருப்பில் பேரிங் நிறைய இருந்தது, ஸ்வீடனிலிருந்து கொஞ்சம் வந்தது, பேரிங் குறைவாகத் தேவைப்படும்படி வடிவமைப்பை மாற்றினார்கள், உற்பத்தியைப் பல ஊர்களுக்குப் பிரித்தார்கள். கூரை இடிந்த கட்டடத்துக்குள் இயந்திரங்கள் பெரும்பாலும் பிழைத்துக் கிடந்தன.

அதே ஜெர்மனியில் 1944 மே மாதம் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குறிவைத்தபோது நடந்தது வேறு. அந்த ஆலைகளின் விமான எரிபொருள் உற்பத்தி ஏப்ரலில் 1,75,000 டன். செப்டம்பரில் 5,000 டன். விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார், பறக்க எரிபொருள் இல்லை. எரிபொருளுக்கு மாற்று கிடையாது, கையிருப்பு குறைவு, ஆலையைச் சரிசெய்யச் சரிசெய்ய மறுபடி அடித்தார்கள். இன்னொரு விஷயமும் அந்த ஆய்வில் இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பச் சுவாரசியம்: மின்நிலையங்களை யாரும் முதன்மை இலக்காக எடுத்துக்கொள்ளவே இல்லை, எடுத்திருந்தால் போர் உற்பத்தி கடுமையாக அடிபட்டிருக்கும் என்று ஆய்வுக்குழு கருதியது.

ஆக, ஒன்று எவ்வளவு பெரியது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. மாற்று உண்டா, கையிருப்பு எத்தனை நாள், பழுதுபார்க்க எத்தனை நாள் என்பவை முதலில். தன் பக்கத்தைக் காப்பாற்றத் திட்டமிடுகிறவருக்கும் இதே கேள்விகள்தான், பார்க்கிற திசை மட்டும் வேறு.

கே: மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துணைமின் நிலையம் என்றால் எங்கள் காலத்தில் ஒரு கம்பிவேலியும் ஒரு வாட்ச்மேனும்தான். அதை ராணுவம் எப்படிப் பார்க்கிறது, ஐயா?

ப: உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை, ஆனாலும் இது தெரிந்திருக்கலாம். 2013 ஏப்ரல் 16, நள்ளிரவு தாண்டி, கலிஃபோர்னியாவில் மெட்காஃப் துணைமின் நிலையம். யாரோ முதலில் அருகில் தரைக்கடியில் இருந்த தொலைத்தொடர்புக் கேபிள்களை அறுத்தார்கள், பிறகு வேலிக்கு வெளியே நின்று துப்பாக்கியால் சுட்டார்கள். 17 மின்மாற்றிகளில் ஓட்டை. குளிரூட்டும் எண்ணெய் ஆயிரக்கணக்கான லிட்டர் கொட்டி, மின்மாற்றிகள் சூடேறி நின்றன. ஊரில் விளக்கு அணையவில்லை, வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் நிலையத்தைச் சரிசெய்து மறுபடி இயக்க 27 நாள்.

துப்பாக்கிச் சூட்டை விட என் கண் நிற்பது அந்த 27-இல். அதுவும் சேதம் பழுதுபார்க்கக்கூடியதாக இருந்ததால் 27. பெரிய மின்மாற்றி முழுசாகப் போய்விட்டால் கடையில் போய் வாங்கி வர முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நூறு டன்னுக்கு மேல் எடை, ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்கென்று அளவெடுத்துச் செய்வது, ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகும். வந்தாலும் அதைத் தூக்கிப்போக விசேஷ ரயில்பெட்டியோ பல அச்சு டிரெய்லரோ வேண்டும், போகிற வழியில் உள்ள பாலங்கள் அந்த எடையைத் தாங்க வேண்டும். உக்ரைனில் 2022 அக்டோபர் முதல் மின்கட்டமைப்பின் மேல் ஏவுகணை விழ ஆரம்பித்ததும், அவர்கள் உலகம் முழுக்கக் கைநீட்டிக் கேட்டது மின்மாற்றிதான். கையில் இருந்ததைக் காக்கச் சுற்றிலும் கல் நிரப்பிய கம்பிக்கூடைகளை அடுக்கினார்கள், சிலவற்றுக்கு மேலே கான்கிரீட் கூடே கட்டினார்கள்.

ராணுவ ஆய்வாளர் உங்கள் நிலையத்துக்கு வந்தால் வேலியின் உயரத்தைக் குறித்துக்கொள்வார், அது சடங்கு. நல்ல ஆய்வாளராக இருந்தால் உதிரி எங்கே இருக்கிறது என்று கேட்பார். அந்த உதிரி ஓடிக்கொண்டிருக்கும் மின்மாற்றிக்கு அடுத்த மேடையிலேயே நிற்கிறது என்று நீங்கள் பெருமையாகக் காட்டினால் முகம் சுளிப்பார்.

கே: ஆபத்து = அச்சுறுத்தல் × பலவீனம் × விளைவு என்று ஒரு சூத்திரம் படித்தேன். இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

ப: பேச்சை ஆரம்பிக்க உதவும். அதற்கு மேல் நம்பாதீர்கள். "விளைவுக்கு 4, பலவீனத்துக்கு 3" என்று ஒரு குழு உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறது, அந்த 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு என்று யாரும் அளந்து சொல்லவில்லை, வரிசைப்படுத்தத்தான் போட்டார்கள். அப்புறம் அதையே எடுத்துப் பெருக்கி, 36 வந்தது சிவப்பு, 24 வந்தது மஞ்சள் என்று நிறம் பூசினால் அளந்து கண்டுபிடித்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் நிகழ்தகவு போடலாம், ஆற்றுக்கு நம் பட்டியலைப் பற்றித் தெரியாது. எதிரி அப்படி இல்லை. நாம் ஒரு இடத்தைப் பலப்படுத்தினால் அவன் அடுத்த இடத்துக்குப் போவான். நேற்று போட்ட எண் நாம் எடுத்த நடவடிக்கையாலேயே இன்றைக்குப் பொய்யாகிவிடும். அமெரிக்கச் சிறப்புப் படைகள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கார்வர் என்ற முறையிலும் இதே மதிப்பெண் விளையாட்டுத்தான், ஆனால் அதில் ஒரு நல்ல அம்சம்: எவ்வளவு சீக்கிரம் மீண்டுவரும் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக மற்றவர்கள் போடும் அட்டவணையில் விடுபட்டுப் போவது அதுதான்.

கே: ஒன்று போனால் இன்னொன்றும் போகும் என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எங்கள் அலுவலகத்தில் "இரண்டு தனித்தனி இணைப்பு இருக்கிறது, கவலை இல்லை" என்பதுதான் பாட்டு.

ப: அந்த இரண்டு இணைப்பும் எந்தக் குழி வழியாக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

2001 ஜூலை 18, மறுபடியும் பால்டிமோர் (பாவம் அந்த ஊர்). ஹோவர்டு தெருவுக்கு அடியில் ஓடும் ரயில் சுரங்கத்தில் ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. சுரங்கத்துக்கு மேலே போன பெரிய குடிநீர்க் குழாய் உடைந்து தெருவில் வெள்ளம். சுரங்கத்துக்குள்ளேயே கண்ணாடி இழைக் கேபிள்கள் போயிருந்தன, அவை வெந்து, தூரத்து ஊர்களில்கூட இணையம் தடுமாறியது. ரயில் நின்றது, தண்ணீர் நின்றது, இணையம் நின்றது, நகரத்தின் நடுப்பகுதியில் போக்குவரத்து நின்றது. வெவ்வேறு கம்பெனிகள், வெவ்வேறு பில், ஒரே ஓட்டை. கேபிள் போட இடம் தேடுகிற எல்லாருக்கும் ஏற்கெனவே இருக்கிற சுரங்கமும் பாலமும்தான் மலிவான வழி, அதனால் எல்லாம் அங்கேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. ரினால்டி என்ற ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் அதே வருடம் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட சார்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: ஒன்றின் விளைபொருளை இன்னொன்று தின்பது, தகவல் வழியாகப் பிணைந்திருப்பது, ஒரே இடத்தில் இருப்பது, நான்காவதாகச் சட்டம், பணம், மனித முடிவு வழியாகப் பிணைந்திருப்பது. இத்துறையில் இன்றைக்கும் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது வகைதான் பொல்லாதது, ஏனென்றால் அது வரைபடத்தில் தெரியாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர். மின்சாரத் தேவை எகிறியது, நிலையங்கள் உறைந்து நின்றன, மின்கட்டமைப்பைக் காப்பாற்றப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்திய பகுதிகளில் இயற்கை எரிவாயுவை எடுத்துக் குழாயில் தள்ளும் நிலையங்களும் இருந்தன. அந்த எரிவாயுவை நம்பித்தான் மின்நிலையங்கள் ஓடின. எரிவாயு குறைந்தது, இன்னும் மின்நிலையங்கள் நின்றன, இன்னும் மின்வெட்டு. ஏன் அந்த நிலையங்களுக்கு விலக்கு இல்லை? பல நிறுவனங்கள் "எங்களை முக்கியமான நுகர்வோராகப் பதிவு செய்யுங்கள்" என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கவே இல்லை. ஒரு படிவம், அவ்வளவுதான். மொத்தக் கட்டமைப்பும் 4 நிமிடம் 37 நொடியில் விழுந்திருக்கும் என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள்.

இப்போது இதே பகுதியில் ஒரு ராணுவத் தளம் இருக்கிறது, அதன் ஜெனரேட்டர் எரிவாயுவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வறிக்கையில் "மாற்று மின்சாரம்: உண்டு" என்று எழுதியிருப்பார்கள்.

கே: தலைப்புக்கு வாருங்கள். வரைபடத்தில் பாலம் இருக்கிறது, லாரிகள் ஓடுகின்றன. டாங்கி போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

ப: ராணுவப் பொறியாளர்கள் பாலத்துக்கு ஒரு எண் கொடுக்கிறார்கள், வண்டிக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். வண்டியின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டக்கூடாது. இது வெறும் எடை அல்ல, அந்த எடை எத்தனை அச்சில், எவ்வளவு நீளத்தில் பரவுகிறது என்பதையும் சேர்த்து வகுத்த எண். நேட்டோ நாடுகள் இதைப் பொதுவாக வைத்துக்கொண்டதால் ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டுப் பாலத்தில் ஏறும் முன் கணக்குப் பார்க்க முடிகிறது. இன்றைய மேற்கத்திய டாங்கி 60 டன்னுக்கு மேல். அதைத் தூக்கிச் செல்லும் டிரெய்லர் லாரியோடு சேர்த்தால் 100 டன்னைத் தாண்டிவிடும். ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் சாதாரண லாரிக்கு அனுமதி சுமார் 40 டன். அப்புறம் தண்டவாள அகலம்: ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1435 மில்லிமீட்டர், முன்னாள் சோவியத் நாடுகளில் 1520. எல்லையில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகளின் சக்கரங்களை மாற்ற வேண்டும். சுரங்கத்தின் உயரம், வளைவின் கூர்மை, துறைமுகத்தில் சரிவுமேடை உண்டா என்று இப்படியே போகும்.

பொறியாளர் நேரில் போனால் பாலத்தின் மேலே நின்று பார்க்க மாட்டார், கீழே இறங்குவார். தூணடியில் தண்ணீர் மண்ணை அரித்திருக்கிறதா, பாலத்தட்டு உட்காரும் தாங்கிகள் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கின்றனவா, கான்கிரீட் உதிர்ந்து உள்கம்பி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பாலம் தாங்கும், ஆனால் இறங்குகிற இடத்து மண்சாலை பத்தாவது வண்டியிலேயே சேறாகிவிடும் என்பதும் நடக்கும். பாலம் போனால் பக்கத்தில் மிதவைப்பாலம் போட கரை ஏதுவாக இருக்கிறதா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்வார்.

பாலத்தை முழுசாக விழுத்த வேண்டும் என்றுகூட இல்லை. 2022 ஜூலையிலிருந்து கெர்சான் நகருக்கருகே அன்டோனிவ்கா பாலத்தை உக்ரைன் ராக்கெட்டுகள் திரும்பத் திரும்ப அடித்தன. பாலம் நின்றது, ஆனால் தட்டில் வரிசையாக ஓட்டை விழுந்து கனரக வாகனம் போக முடியாமல் ஆனது. ஆற்றின் மேற்குப் பக்கம் இருந்த ரஷ்யப் படைக்கு மிதவைகளும் படகுகளும்தான் கதி என்று ஆயிற்று. நவம்பர் 11-க்குள் அந்தக் கரையையே விட்டுப் போனார்கள். தலைகீழ் உதாரணம் ரெமாகன். 1945 மார்ச் 7 அன்று ரைன் நதிப் பாலத்தை ஜெர்மானியர்கள் வெடிவைத்தும் அது விழவில்லை, அமெரிக்கர்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். பத்தே நாளில், மார்ச் 17 அன்று, தானாக இடிந்து பழுதுபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்கள் பலரையும் கொன்றது. ஆனால் அதற்குள் பக்கத்திலேயே மிதவைப்பாலங்கள் போட்டிருந்தார்கள், படை போய்க்கொண்டே இருந்தது. பிடித்தபோதே இது ரொம்ப நாள் நிற்காது என்று கணித்து அடுத்ததைத் தயார் செய்ததை நான் பாலத்தைப் பிடித்ததை விடப் பெரிதாக மதிக்கிறேன்.

கே: இப்போதெல்லாம் குண்டு எதற்கு, ஹேக்கர் போதும் என்கிறார்களே சார்?

ப: பாதி உண்மை. 2015 டிசம்பர் 23, உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர் கண்முன்னே, அவர் தொடாமலேயே, திரையில் சுட்டி தானாக நகர்ந்து போய் ஒவ்வொரு சுவிட்சாகத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அதே நேரம் புகார் எண்ணுக்குப் பொய்யான அழைப்புகளைக் கொட்டி வாடிக்கையாளர்கள் பேச முடியாமல் செய்தார்கள், துணைமின் நிலையத்தோடு பேசும் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். மாதக்கணக்கில் உள்ளே இருந்து வேவு பார்த்திருந்தால்தான் இவ்வளவு ஒருங்கிணைப்பு வரும், அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையத்துக்குப் போய்க் கையால் சுவிட்சை மூடினார்கள். பழைய கருவிகள், பழைய ஆட்கள். எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டு அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய நாட்டில் இதே தாக்குதல் இன்னும் நீளமாக வலிக்கும். ஆய்வில் இதற்கும் ஒரு வரி வேண்டும்: கையால் இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாக எப்போது செய்து பார்த்தார்கள்.

குண்டுக்குத் துணையாக ஹேக்கிங் வரும்போது கணக்கே மாறுகிறது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடங்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. குறி உக்ரைன், ஆனால் ஜெர்மனி உள்ளிட்ட மத்திய ஐரோப்பாவில் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் கூடவே போயிற்று. 2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வோல்ட் டைஃபூன் என்ற ஹேக்கர் குழுவின் விவகாரம் வேறு மாதிரி: குவாம் உள்ளிட்ட இடங்களின் மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு அமைப்புகளுக்குள் ஆட்கள் புகுந்து எதையும் உடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சில இடங்களில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் என்று அமெரிக்க அமைப்புகள் 2024 பிப்ரவரியில் சொல்லின. சீன அரசோடு தொடர்புடையவர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு, சீனா மறுக்கிறது. குவாமில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் ஏன் அங்கே என்பது புரிந்துவிடும்: பசிபிக்கில் அமெரிக்க விமானப்படைக்கும் கடற்படைக்கும் பெரிய தளங்கள்.

கே: எதிரியின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது நியாயமா? இதையும் "ஆபத்து மதிப்பீடு" என்று அழகாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ப: உங்கள் கோபம் நியாயமானது. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1977-இல் வந்த ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 52-வது பிரிவுப்படி, ஒரு பொருள் ராணுவ நடவடிக்கைக்கு உருப்படியாக உதவ வேண்டும், அதை அழிப்பதால் அப்போதைய சூழ்நிலையில் திட்டவட்டமான ராணுவ ஆதாயம் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால்தான் அது இலக்கு. 54-வது பிரிவு மக்கள் உயிர்வாழத் தேவையான உணவு, குடிநீர் அமைப்புகளைக் காக்கிறது. 56 அணைகளையும் அணு மின்நிலையங்களையும். இதன்மேல், பொதுமக்களுக்கு வரும் தீங்கு ஆதாயத்துக்கு மிஞ்சக்கூடாது என்ற விதி. இந்தியாவும் அமெரிக்காவும் அந்த நெறிமுறையில் சேரவில்லை, ஆனாலும் அதில் பலவும் வழக்கச் சட்டமாக எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்பதே பொதுவான கருத்து.

சிக்கல் எங்கே என்றால், மின்கட்டமைப்பு இருவருக்கும் சொந்தம். ராடாருக்குப் போகும் கம்பியும் பிரசவ அறைக்குப் போகும் கம்பியும் ஒரே துணைமின் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. 1991-இல் ஈராக்கின் மின்கட்டமைப்பை அடித்தபோது ராணுவம் தடுமாறியது உண்மை. தண்ணீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் பம்புகளும் நின்று, போர் முடிந்த பிறகும் மக்கள் நோயில் செத்ததும் உண்மை. அந்த இரண்டாவது விளைவைக் கணக்கில் எழுதாத மதிப்பீட்டை நான் மதிப்பீடு என்று சொல்ல மாட்டேன். 1999-இல் செர்பியாவில் நேட்டோ கரியிழை தூவும் குண்டைப் போட்டு மின்கம்பிகளைக் குறுக்கிணைத்து, நாட்டின் பெரும்பகுதியை இருட்டாக்கியது, பெரிய சேதமில்லாமல் சீக்கிரம் சரிசெய்யும்படியாக. அது கொஞ்சம் யோசித்த வேலை என்று சொல்லலாம், ஆனால் அதே போரில் பின்னால் சாதாரணக் குண்டுகளும் மின்நிலையங்கள்மேல் விழுந்தன. 2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் உடைந்த ககோவ்கா அணையைப் பற்றி யோசியுங்கள்: வெள்ளம் சில வாரங்களில் வடிந்தது, ஆனால் அந்த நீர்த்தேக்கத்தை நம்பியிருந்த பாசனமும் குடிநீரும் போனது போனதுதான்.

கே: செயற்கைக்கோள் படம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்டதே. இனி யாரும் நேரில் போக வேண்டுமா?

ப: வேண்டும். செயற்கைக்கோள் கூரையைப் பார்க்கும், அடித்தளத்தைப் பார்க்காது. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று அணு உலைகளைக் குளிர்விக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் கட்டட அடித்தளத்தில் இருந்தன, கடல் அலை உள்ளே வந்து மூழ்கடித்தது. ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு அடிக்கடி காரணம் என்ன தெரியுமா? என்ஜின் அல்ல, ஸ்டார்ட்டர் பேட்டரி. அதன் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும். டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருப்பதும், மாதாமாதம் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு "சோதனை சரி" என்று கையெழுத்துப் போட்டிருப்பதும், நிஜமான சுமையைக் கொடுத்தால் அரை மணியில் திணறுவதும் அப்படித்தான். கணினி உதவும், ஐயாயிரம் இடத்தில் எந்த ஐம்பதுக்குப் போக வேண்டும் என்று சொல்ல உதவும்.

கே: இதையெல்லாம் பத்திரிகையில் எழுதினால் எதிரிக்கு உதவாதா?

ப: மேலே சொன்னதெல்லாம் விசாரணை அறிக்கைகளிலும் செய்திகளிலும் வெளிவந்தவை. எந்த நிலையத்தில் எந்தக் கதவு பூட்டவில்லை என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

கே: இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு.

ப: சிவில், மின்னியல், எது படித்தாலும் சரி. ஒரு மின்கட்டமைப்பின் ஒற்றைக்கோட்டு வரைபடத்தைப் பார்த்து, இந்தச் சுவிட்ச் போனால் யாருக்கெல்லாம் மின்சாரம் போகும் என்று சொல்லத் தெரிய வேண்டும், அது வகுப்பிலேயே வந்துவிடும். வகுப்பில் வராதது ஒன்று உண்டு: தண்ணீர் வாரியப் பொறியாளரிடமும் ரயில்வே கேங்மேனிடமும் உட்கார்ந்து பேசி அவர்கள் வாயிலிருந்து விஷயத்தை வாங்குவது. விடுமுறையில் ஒரு நீரேற்று நிலையத்துக்கு அனுமதி வாங்கிப் போய், மின்சாரம் போனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வார்கள் என்று ஷிப்டில் இருப்பவரிடம் கேளுங்கள், பிறகு அதே கேள்வியை அவருடைய மேலதிகாரியிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது.